நாலாம் காம்பராவுக்காக ஓடியது

மூணாம் காம்பரா, ஏழாம் லயம்,
மேல் டிவிசன், அப்புத்தளை வழி.
17.11.1974

மதிப்புக்குரிய மச்சான் இராமையா அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை பாக்கியலெட்சுமியின் புருஷன் வீரய்யா இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. மாவு கிடைத்த நாளில் சுகமாகவும் கிடைக்காத நாளில் உயிரோடும் நாங்கள் எல்லோரும் இங்கு இருக்கிறோம். அங்கே கோத்தகிரியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குளிருக்கு ஒரு போர்வையோடு நலமாக இருக்க நம்ம கவ்வாத்துச்சாமி துணை இருக்கட்டும். வழக்கப்படி இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுத வேண்டும். நான் எழுதப் போவதில்லை. நின்றதால் எனக்கு வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பங்குனி மாதம் நீங்கள் கப்பலுக்குப் போன அன்று காலையில், உங்கள் நாலாம் காம்பரா வாசலில் நின்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். “இந்தக் காம்பரா என் தங்கச்சி குடும்பத்துக்குங்க” என்றீர்கள். அவரும் தலையை ஆட்டினார். அப்புத்தளை ஸ்டேசனில் உங்கள் கோச்சி கிளம்பியதோடு அவர் தலையாட்டியதும் கிளம்பிப் போய்விட்டது. எட்டு மாதமாக அந்தக் காம்பராவில் உரச் சாக்கு அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் மூணாம் காம்பராவில் நான், உங்கள் தங்கை, மூத்தவன், மருமகள் ஜெயலெட்சுமி, இரண்டு பெட்டைகள், இரண்டு பொடியன்கள், ஆக எட்டுப் பேர். ஜெயலெட்சுமி வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஒன்பது. நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் புதுசாகக் கலியாணம் கட்டியவர்கள், இந்தப் பக்கம் மற்றவர்கள் என்று பிரித்திருக்கிறோம். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் எல்லோரும் கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம். மருமகளுக்கு ஏழு மாதம். போன மாதம் அடுப்பில் ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டாள், “மாமா, புள்ள பொறக்குற அன்னிக்கு நீங்கல்லாம் எங்க போவீங்க” என்று. கேலியாகக் கேட்டாளா பயந்து கேட்டாளா தெரியவில்லை. மறுநாளே ஆபீசுக்குப் போய் நாலாம் காம்பராவைக் கேட்டு மனு கொடுத்தேன்.

அங்கே போனால் வேலாயியும் அதே காம்பராவைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறாள். அதுதான் மச்சான், பெரகல பாலத்தில் லொறி அடித்துச் செத்தானே, அவன் பெண்சாதி. புருஷன் போனதிலிருந்து கொழுந்தன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் பிள்ளைகளோடு படுக்கிறாள். மழைக்கு முன்பக்கம் சாக்குதான் மறைப்பு. மூன்று பெட்டைகள் இருந்தன, இப்போது இரண்டு. போன வருசம் ஐப்பசி மழையில் கடைக்குட்டிக்கு நெஞ்சுச்சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது, நீங்களும் நானும்தான் குழி வெட்டினோம். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் ஊரார் பிள்ளையை நினைத்து அழுகிறவன் தன் பேரப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பான், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வந்திருக்கிற புதுத் தொரை கண்டியில் படித்தவர், காலேஜில் ஓட்டக்காரராம். பங்களாவில் வெள்ளிக் கோப்பைகளை வரிசையாக வைத்திருக்கிறார். எந்த வழக்கு போனாலும் விளையாட்டிலேயே தீர்ப்புச் சொல்வார். ஆடி மாதம் புதுச் சைக்கிள் யாருக்கு என்று இரண்டு கங்காணிகள் சண்டை பிடித்தபோது கயிறு இழுக்க விட்டார். எங்கள் மனுக்களைப் பார்த்துவிட்டு, “காம்பரா ஒண்ணு, கேக்குறது ரெண்டு ஆள். மனு குடுத்த ஆளே ஓடணும். விளையாட்டுப் போட்டி அன்னிக்கு வெச்சுக்கலாம்” என்றுவிட்டார். கணக்கப்பிள்ளைதான் தலையைச் சொறிந்தார். “தொரை, ஒண்ணு ஆம்பள, ஒண்ணு பொம்பள. சமமா வராதுங்களே.” தொரை யோசித்து, பெண்ணுக்கு நூறு யார் தூரம் முன்னால் விடலாம் என்றார். நானும் பெருந்தன்மையாக, விடுங்கள் தொரை, பாவம் பொம்பளை என்றேன். மூலையில் நின்ற வேலாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “முன்னுக்கு வுட வேணாங்க. முன்னுக்கு வுட்டா நாளைக்கு அதச் சொல்லியே காம்பராவப் புடுங்குவாங்க. ஒரே எடத்துல இருந்தே ஓடுறேன். ஆனா எனக்குக் கூடை வேணுங்க. வெறும் முதுகோட அந்த மேட்டுல ஏறிப் பழக்கமில்ல.” ஆபீஸ் வாசலில் நின்ற ஆம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சங்கத் தலைவர், அவளுக்குக் கூடை என்றால் உனக்கும் கூடை என்றார். ஆளுக்கு முப்பது றாத்தல் தேயிலைக் கொழுந்து, கீழ் நிறுவை மடுவத்திலிருந்து ஃபெக்டரி கேட் வரைக்கும் முக்கால் மைல் ஏற்றம், கொழுந்து சிந்தாமல் முதலில் போய் நிறுக்கிறவருக்குக் காம்பரா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாரம், ஒரே பாதை, ஒரே விசில், இதைவிட நியாயமான போட்டி எந்தச் சீமையில் உண்டு என்று நானே நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். அந்தச் சொல்லைத்தான் இப்போது எல்லோரும் எடுத்து என் முகத்தில் எறிகிறார்கள்.

மூத்தவன் தான் ஓடுவதாகச் சொன்னான். மனு கொடுத்தவர்தான் ஓட வேண்டும் என்பது ஒன்று, இருபது வயதில் இதே மேட்டில் ஓடிச் செம்புக் குடம் வாங்கியவன் நான் என்பது இன்னொன்று. ஆனால் அன்று வெறுங்கையோடு ஓடினேன். கூடை என்பது வேறு விவகாரம் மச்சான். பழகிப் பார்க்கலாம் என்று உங்கள் தங்கையின் கூடையை மாட்டினேன். முதல் நாள் தலைக்கயிறு நழுவிக் கழுத்தில் விழுந்து நாக்கு வெளியே வந்துவிட்டது. இரண்டாம் நாள் கூடை பின்னால் இழுக்க, தண்ணி ஓடுகிற ஃபெக்டரிக் கானுக்குள் மல்லாந்து விழுந்தேன், மடுவத்துக்குப் போன பெட்டைகள் எல்லாம் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் பாக்கியலெட்சுமி பொறுக்கமாட்டாமல் வந்து, “கயித்த நெத்தியில வைக்காதீங்க, உச்சியில வைங்க. தலைத்துணிய நல்லா மடிச்சு, அதுக்கு மேல வைங்க. முதுகால தூக்காதீங்க, கழுத்தால தூக்குங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். ஆம்பளைக்கு ஆயிரம் வேலை, இந்த வித்தையெல்லாம் எனக்கு எதுக்குடி என்றேன். அவள் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டே, “இருவத்தாறு வருசமா நாளைக்கு மூணு தடவ அந்த மேட்டுல ஏறுறேன். ஒரு நாளாவது யாராச்சும் விசில் ஊதுனாங்களா” என்றாள். உங்கள் தங்கை எப்போது கேலி செய்கிறாள், எப்போது குத்துகிறாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போட்டி போன சனிக்கிழமை நாலரை மணிக்கு. அந்தி நிறுவை முடிந்த பிறகு வைத்தால்தான் எல்லோரும் பார்க்கலாம் என்று தொரை அந்த நேரத்தைக் குறித்தார். நான் வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கணக்கை முடித்து வந்து, பாக்கியலெட்சுமி எங்கோ கடன் வாங்கி வைத்திருந்த ஒரு முட்டையையும் ரொட்டியையும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இறங்கினேன். வேலாயி பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டிலிருந்து மலையில் நின்று, மூன்றாம் நிறுவையும் முடித்து, அப்படியே ஓட்டக் கோட்டுக்கு வந்தாள். சிரட்டையில் யாரோ கொடுத்த வெறும் சாயத்தண்ணியைக் குடித்தாள். அவளுடைய பெரிய பெட்டை பாய், சட்டி, துணி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றது. அம்மா ஜெயித்தால் அன்றைக்கே குடிபோகலாம் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறக்கி வை என்று நான் சொன்னேன். அது என்னைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.

விசில் ஊதியதும் நான் பாய்ந்தேன். பாதை திரும்புகிற முதல் முடக்கு வரைக்கும் பதினைந்து எட்டு முன்னால் இருந்தேன், இதைத் தோட்டமே பார்த்தது, யாரும் மறுக்க முடியாது. திரும்பிப் பார்த்தால் வேலாயி ஓடவே இல்லை. எனக்கு ஆத்திரமே அதுதான் மச்சான். அவள் நடந்தாள், தினமும் நடக்கிற அதே நடை, வேகமும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. எனக்கோ கண்ணுக்குள் பூச்சி பறந்தது, கழுத்து நரம்பு விண்விண் என்றது, இருந்தாலும் இரண்டாம் முடக்கிலும் நான்தான் முன்னால். அந்த இடத்தில்தான் விதி மோட்டார் சைக்கிளில் வந்தது. நேரம் பார்க்கிற கடிகாரத்தோடு தொரை மேலேயிருந்து இறங்கி வந்து, வண்டியை நிறுத்தி, பாதை நடுவில் நின்றார். எனக்கு அந்த வெள்ளைத் தொப்பி தெரிந்ததுதான் தெரியும். கால் தானாகப் பாதையை விட்டு ஓரத்துக்கு இறங்கிவிட்டது. கை தானாகத் தலைத்துணியைப் பிடித்து உருவிவிட்டது. இடுப்பு தானாக வளைந்துவிட்டது. கயிறு இருந்தது தலைத்துணிக்கு மேல். துணியோடு கயிறும் வந்தது, கயிற்றோடு கூடை தலைக்கு மேலாகக் கவிழ்ந்து, முப்பது றாத்தல் பச்சைக் கொழுந்தும் என் தலையிலும் தொரையின் சப்பாத்திலும் கொட்டியது.

தொரை பதறிப்போய், “ஏய், நிக்காதே, ஓடு” என்றார். “சரிங்க தொரை” என்று நின்றேன். தொரை கடந்து போகாமல் நான் எப்படி அசைவது? நான் கடந்து போகட்டும் என்று அவர் நிற்கிறார், அவர் கடந்து போகட்டும் என்று நான் நிற்கிறேன். “ஓடு.” “ஆமாங்க.” “ஓடு மேன்.” “ஆகட்டுங்க தொரை.” இப்படி நாலு தடவை. அதற்குள் வேலாயி வந்தாள், “சலாங்க” என்று ஒரு சொல் சொன்னாள், தலையைக் கூடத் திருப்பாமல் எங்கள் இருவரையும் கடந்து மேலே போய்விட்டாள். கூடைக்காரி நிற்க வேண்டியதில்லை என்பதுதான் உங்களுக்கும் தெரியுமே. நிறைகூடையோடு நின்றால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும் என்று வெள்ளைக்காரத் தொரை காலத்திலேயே போட்ட சட்டம். அது கொழுந்துக்குக் கொடுத்த மரியாதை, அவளுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தாளே. நான் கொழுந்தை அள்ளிப் போட்டு, புல், மண், சப்பாத்தைத் துடைத்துப் போட்ட தொரையின் கைக்குட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய் நிறுத்தால் பத்தொன்பது றாத்தல். கைக்குட்டையைக் கழித்துத்தான் எழுதினார்கள்.

அன்று அந்தியிலேயே நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். ஆணும் பெண்ணும் போட்டி போடுவது ஆணுக்கு அநியாயம் என்று விளக்கமாக எழுதினேன். ஆம்பளைக்கு நிற்கிற சட்டம் உண்டு, கூடைக்காரிக்கு இல்லை. மேலும், அவள் நாளைக்கு மூன்று தடவை வீதம் பதினைந்து வருசமாக அந்த மேட்டில் பழகியிருக்கிறாள், எனக்குக் கிடைத்தது மூன்றே நாள். அதற்கும் மேலே, அவள் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததால் உடம்பு லேசாக இருந்தது, என் வயிற்றில் முட்டை இருந்தது, அதுவும் பாரம்தானே. இதையெல்லாம் திங்கட்கிழமை ஆபீசில் எல்லோருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டு வாசித்தபோது சில பேர் சிரித்தார்கள். முட்டை வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுதும்போது எனக்கு அது நல்ல நியாயமாகத்தான் பட்டது. வாசிக்கக் கேட்டபோது ஏன் எழுதினேன் என்று இருந்தது.

சங்கத் தலைவர் எழும்பினார். “தொரையக் கண்டா ஓரமா நின்னு தலைத்துணி கழட்டணும்ங்கிறத சங்கம் நிப்பாட்டி ரெண்டு வருசம் ஆச்சு. நிப்பாட்டணும்னு கை தூக்குனதுல நீயும் ஒருத்தன், வீரய்யா.” தூக்கினேன் மச்சான், பொய் சொல்லவில்லை, நீங்களும் பக்கத்தில் நின்று தூக்கினீர்கள். இந்தக் கை அன்றைக்கு மேலே போனதும் உண்மை, சனிக்கிழமை தலைத்துணியை உருவியதும் இதே கைதான். தொரை என்னிடம், நான் உன்னை நிற்கச் சொன்னேனா என்று கேட்டார். “நிக்காதேன்னு நீங்க சொன்னதையும் நின்னுதாங்க கேட்டேன்” என்றேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு, திரும்ப ஓட விடலாமா என்று வேலாயியைக் கேட்டார்.

வேலாயி என் பக்கம் திரும்பி, “ஓடலாம் அண்ணே. எனக்கொண்ணும் இல்ல. ஆனா அன்னிக்குக் காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வாங்க, என்னோட நெரையில நின்னு கொழுந்து எடுங்க, மூணு நிறுவைக்கும் மேட்டுல ஏறி எறங்குங்க. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நின்னு ஓடுவோம்” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, சண்டைக்கும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. அதில் உங்கள் தங்கையின் குரலும் இருந்தது என்பதை மனவருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு கிழமைக்குள் முடிவு சொல்வதாகத் தொரை சொல்லி, சாவியை மேசைக்குள் போட்டுவிட்டார். அந்தப் பெட்டை இன்னும் சாக்குமூட்டையை அவிழ்க்கவில்லை என்று கேள்வி. ஜெயலெட்சுமிக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஆகையால் மச்சான், என் கோரிக்கை இதுதான். நாலாம் காம்பராவில் முப்பது வருசம் குடியிருந்தவர் நீங்கள். “போகும்போது என் தங்கை குடும்பத்துக்கென்று சொல்லிவிட்டுத்தான் போனேன், ஓட்டத்துக்கும் காம்பராவுக்கும் சம்பந்தமில்லை, ஆம்பளையும் பொம்பளையும் ஓடிய ஓட்டம் செல்லாது” என்று தொரை பெயருக்கு ஒரு கடிதம், இங்கிலீசில் எழுதத் தெரிந்தவரைப் பிடித்து எழுதி, ஆகாயத் தபாலில் உடனே போடவும். திரும்ப ஓடச் சொன்னால் ஓட எனக்குத் தெம்பு இல்லை. காலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு ஓடச் சொன்னால், கோட்டுக்கு வந்து சேருவேனா என்பதே சந்தேகம். இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்களும். உங்கள் பிழைப்பு நாளுக்கு நாள் தழைக்கவும், குடும்பத்துக்கு ஒரு நோய்நொடி அண்டாமல் இருக்கவும் இங்கிருந்தே சாமியைக் கும்பிட்டுக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள மைத்துனன்,
வீரய்யா

பி.கு: மேலே கண்டதை எழுதி, பெரகலையில் முத்திரை வாங்கப் போனேன். என் பெயருக்குக் கண்டி இந்தியத் தூதர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்து, தபாலும் பார்க்கிற அஸீஸ் நானா கடையில் கிடந்தது. அவரே பிரித்து வாசித்துக் காட்டினார். அஞ்சு வருசத்துக்கு முன்னே உங்களோடு சேர்ந்து நானும் இந்தியாவுக்குப் போகப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தேனே, அது இப்போதுதான் வந்திருக்கிறது. நான், பாக்கியலெட்சுமி, சின்னதுகள் நாலு பேர், ஆக ஆறு பேருக்கு. மார்கழி முடிவதற்குள் கப்பல் ஏற வேண்டுமாம். மூத்தவன் தனியாக இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தவன், ஜெயலெட்சுமியும் அப்படித்தான். அவர்கள் இரண்டு பேரும் இங்கேதான். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று நானா சொல்லிவிட்டு, முத்திரைக்குக் காசு வாங்கவில்லை.

அதனால் தொரைக்குக் கடிதம் எழுத வேண்டாம். திரும்பும் வழியில் ஆபீசில் நுழைந்து என் முறைப்பாட்டைக் கிழித்துவிட்டேன். வேலாயிக்கு இன்று சாவி கொடுத்துவிட்டார்கள். மூணாம் காம்பராவிலும் இனி இடத்துக்குக் குறைவில்லை. பிள்ளை தை மாதம் பிறக்கும் என்கிறார்கள். ஆணா பெண்ணா என்று இனி எங்களுக்கும் கடிதத்தில்தான் தெரியும்.